பழைய வாட்டர்கலர், இடிந்த கடலோரக் கோட்டை: வானம் ஏன் ரோஜா நிறம்?

டைன்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. நான் இருப்பது நியூகாசிலில். போன சனிக்கிழமை பக்கத்து ஊரில் நடந்த ஒரு சின்ன ஏலத்துக்கு இரண்டு சாப்பாட்டு மேசை நாற்காலி வாங்கப் போனேன். நாற்காலி என் பட்ஜெட்டைத் தாண்டிப் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல், யாரும் கை தூக்காத ஒரு படத்துக்குக் கை தூக்கினேன். 65 பவுண்டில் சுத்தியல் விழுந்தது. கமிஷன், வரி என்று சேர்த்து 80ஐத் தாண்டிவிட்டது.

படம் சுமார் 36 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். தங்கப்பூச்சு உதிர்ந்த சட்டம், உள்ளே படத்தைச் சுற்றி மஞ்சளேறிய மவுண்ட் அட்டை, அதாவது நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை. இடது பக்கம் கடல். நடுவில் கறுத்த பாறை முகடு. வலது பக்க மேட்டில் ஒற்றைச் சதுரக் கோபுரம், உச்சி இடிந்து இரண்டு பல் மட்டும் நிற்கிறது. முன்னால் குண்டு குண்டாகக் கற்கள், படகை இழுக்கும் இரண்டு பேர். வானம் முழுக்க ரோஜா நிறம், மேலே போகப் போக வைக்கோல் நிறம். கையெழுத்து எங்கும் இல்லை. பின்பலகையில் பென்சிலால் "டன்ஸ்டன்பரோ" என்று இருக்கிறது, இங்கிருந்து வடக்கே கடலோரத்தில் இருக்கும் இடிந்த கோட்டையின் பெயர். ஏலப் பட்டியலில் "இங்கிலீஷ் ஸ்கூல், 19ஆம் நூற்றாண்டு, கடலோரக் கோட்டையில் விடியல்" என்று போட்டிருந்தார்கள்.

இது கையால் வரைந்ததா, அச்சா? எவ்வளவு பழசு? வானத்தில் ஏழெட்டு பழுப்புப் புள்ளி இருக்கிறது, அதை எடுக்க முடியுமா? மனைவி இதை ஹாலில் ரேடியேட்டருக்கு மேலே, ஜன்னலுக்கு எதிரே மாட்டச் சொல்கிறாள். ரோஜா வானம் சோபாவுக்குப் பொருந்துகிறதாம்.

ஏலக்காய்

வாழ்த்துகள். நாற்காலிக்குப் போய்ப் படத்தோடு வந்தவர்கள் சங்கத்தில் நான் மூத்த உறுப்பினர்.

முதலில் அச்சா இல்லையா என்று பார்த்துவிடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பாரே, அதுதான். வானத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் இந்த நூற்றாண்டோ போன நூற்றாண்டோ அடித்த மறுபதிப்பு. பல நிறத்தில் ஒழுங்கில்லாத புள்ளிகள் சிதறியிருந்தால் குரோமோலித்தோ, அதாவது கல்லில் அடித்த பழைய வண்ண அச்சு. பொடி வலை போட்டது மாதிரி நெளிநெளியாக இருந்தால் அக்வாடின்ட், அதாவது உலோகத் தகட்டில் அடித்த அச்சு, அதன்மேல் கையால் வண்ணம் பூசியிருப்பார்கள். பலர் ஏமாறுவது இந்தக் கடைசி வகையில்தான், ஏனென்றால் வண்ணம் நிஜமாகவே கைவண்ணம்.

நிஜ வாட்டர்கலர் என்றால் வண்ணம் காய்ந்த இடத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய கருத்த கோடு கட்டியிருக்கும். காபி சிந்திக் காய்ந்த கறையின் விளிம்பு மாதிரி. அடியில் அங்கங்கே பென்சில் கோடும் தெரியும்.

கனவுலகவாசி

டர்னரா இருக்குமோ!!! இங்கிலாந்தின் பெரிய ஓவியர்! அவர் டன்ஸ்டன்பரோ வரைந்திருக்கிறார். நிஜமாகத்தான் சொல்கிறேன், தேடிப் பார்த்தேன். 1797இல் நேரில் போயிருக்கிறார், 1798இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் படம் வைத்திருக்கிறார். அதுவும் விடியல்தான்!

ஏலக்காய்

தம்பி, 65 பவுண்டுக்கு டர்னர் விழுந்தால் அந்த ஏலக்கூடத்தில் இருந்த அத்தனை வியாபாரிகளும் குருடர்களாக இருக்க வேண்டும். அவர்கள் குருடர்கள் இல்லை. நீங்கள் சொல்லும் 1798 படம் எண்ணெய் ஓவியம், மெல்போர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. கொந்தளித்த இரவுக்குப் பிறகான சூரியோதயம் என்றுதான் அதற்குத் தலைப்பு, அது சரி.

டர்னர் இந்தக் கோட்டையை விடவே இல்லை. 1808இல் அச்சுத் தொகுதி ஒன்றில் போட்டார். பிறகு இங்கிலாந்து, வேல்ஸ் காட்சிகள் தொகுதிக்காக ஒரு வாட்டர்கலரும் செய்தார். அந்த அச்சுப் படங்களை எதிரில் வைத்துக்கொண்டு ஓவிய வாத்தியார்களும் அவர்களுடைய மாணவிகளும் பிரதியெடுத்த படங்கள் இங்கிலாந்தில் மூலைக்கு மூலை கிடக்கின்றன. டைன்கரை, உங்கள் படம் அந்த அச்சுகளில் எதையாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டேட் கலைக்கூடம், பிரிட்டிஷ் மியூசியம் இரண்டின் இணையப் பக்கத்திலும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஏலப் பட்டியல் பாஷையையும் சொல்லிவிடுகிறேன். வெறுமனே பெயர் போட்டிருந்தால் அவர் வரைந்தது என்று ஏலக்காரர் நம்புகிறார். "அட்ரிபியூட்டட்" என்றால் இருக்கலாம் என்கிறார். "சர்க்கிள்" என்றால் அந்தக் காலத்தில் அவரைச் சுற்றி இருந்த யாரோ. "ஆஃப்டர்" என்றால் பிரதி. "இங்கிலீஷ் ஸ்கூல்" என்றால் ஏலக்காரருக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியப்போவதில்லை.

டைன்கரை

லென்ஸ் வாங்கிவிட்டேன். புள்ளி இல்லை, வலை இல்லை. ஏலக்காய் சொன்ன காபிக் கறை விளிம்பு மேகங்களின் அடியில் நன்றாகத் தெரிகிறது. கோபுரத்தின் இடது விளிம்பில் பென்சில் கோடு ஒன்று; வண்ணம் அதைத் தாண்டி ஒரு நூல் வெளியே போயிருக்கிறது. மனுஷக் கைதான்.

டர்னர் அச்சுகளோடு ஒப்பிட்டேன். படகு, பாறை, கோபுரம் எதுவும் அந்த இடத்தில் இல்லை. இன்னொன்று: அலை நுரை வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கிறது. அதன்மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் காகிதம் பிசிறு பிசிறாக எழும்பி நிற்கிறது. இது சேதமா?

காகிதப்பூச்சி

சேதம் இல்லை, வேலைப்பாடு. நான் சென்னையில் ஒரு ஆவணக் காப்பகத்தில் காகிதப் பழுது பார்க்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். அந்தக் காலத்தில் வாட்டர்கலர்காரர்கள் வெள்ளைக்கு வெள்ளை வண்ணம் தேடவில்லை. காகிதமே வெள்ளை. தேவையான இடத்தைப் பூசாமல் விடுவார்கள், அல்லது பூசிக் காய்ந்த பிறகு பேனாக்கத்தியால் சுரண்டி வெள்ளையை வெளியே கொண்டுவருவார்கள். அதைத்தான் டார்ச்சில் பார்க்கிறீர்கள். அந்தப் பிசிறைத் தடவாதீர்கள்.

1834இல் சைனீஸ் ஒயிட் என்று துத்தநாக வெள்ளை கடைக்கு வந்த பிறகு, வெள்ளைப் பொட்டு வைப்பது சுலபமாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தில்கூட உங்கள் படத்தில் வெள்ளைப் பொட்டு இல்லையென்றால் அது பழசு என்பதற்கு ஒரு சின்னச் சாட்சி. முடிவான சாட்சி இல்லை. பிடிவாதக்காரர்கள் அதற்குப் பிறகும் சுரண்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பழுப்புப் புள்ளியை ஃபாக்ஸிங் என்பார்கள். ஈரம், பூஞ்சை, காகிதத்தில் கலந்த இரும்புத் துகள் என்று காரணம் பல. வீட்டில் எடுக்க முயற்சி செய்யவே கூடாது. யூடியூபில் பிளீச்சைப் பஞ்சில் தொட்டு வைக்கச் சொல்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. ரேடியேட்டருக்கு மேலே மாட்டுவதும் கூடாது. ஜன்னலுக்கு எதிரே கூடவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் எனக்கு ஒரு கேள்வி: படத்தில் புல் என்ன நிறம்?

டைன்கரை

புல்லா? கோபுரம் நிற்கும் மேடு முழுக்க ஒருவிதப் பழுப்பு. காய்ந்த வைக்கோல் மாதிரி. ஏன் சார்?

சுண்ணாம்புக்கல்

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். நான் அந்தக் கோட்டைக்கு நாலு தடவை நடந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டன்ஸ்டன்பரோவுக்கு இன்றுவரை வண்டி போகாது. தெற்கே கிராஸ்டர் என்ற மீனவ ஊரிலிருந்து கடலை ஒட்டி ஒன்றேகால் மைல் புல்வெளியில் நடக்க வேண்டும். வடக்கே எம்பிள்டன் கடற்கரையிலிருந்தும் வரலாம். லங்காஸ்டர் பிரபு தாமஸ் 1313இல் கட்ட ஆரம்பித்தார். மன்னர் இரண்டாம் எட்வர்டோடு அவருக்குத் தீராத பகை. மன்னருக்கு வேண்டப்பட்ட கேவ்ஸ்டனை முந்தின வருஷம்தான் இவரும் கூட்டாளிகளும் சேர்ந்து கொன்றிருந்தார்கள். ஏதாவது ஆனால் ஓடி ஒளிய ஒரு இடம் என்று இதைக் கட்டியிருக்கலாம். கட்டியவருக்கு அது உதவவில்லை. 1322இல் பரோபிரிட்ஜ் சண்டையில் பிடிபட்டு, பான்டிஃபிராக்டில் தலை போனது. பிறகு 1380களில், பிற்கால லங்காஸ்டர் பிரபுவான ஜான் ஆஃப் கான்ட் வாசலை அடைத்து மாற்றிக் கட்டினார். 15ஆம் நூற்றாண்டில் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் முற்றுகை மேல் முற்றுகை. 1538லேயே மன்னருக்குப் போன அறிக்கை இதை இடிந்த வீடு என்றுதான் சொல்கிறது. ஆக, டர்னர் போனபோது அது இடிந்து 250 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் பார்த்ததும் கிட்டத்தட்ட நாம் பார்ப்பதும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் படம். வலது மேட்டில் இருப்பது லில்பர்ன் கோபுரம், கோட்டையின் வடமேற்கில் இருப்பது. அது வலதிலும் கடல் இடதிலும் வர வேண்டுமென்றால் ஓவியர் வடக்கே, எம்பிள்டன் பக்கம், தெற்கு நோக்கி நின்றிருக்க வேண்டும். நடுவில் கறுப்பாக இருப்பது கல் கிராக் பாறை முகடு, சுமார் 30 மீட்டர் உயரம், வின் சில் என்ற தீப்பாறைத் தட்டின் ஒரு நுனி. கோபுரம் மணற்கல், அதனால் வெளிறிய நிறம்.

ஒரு சந்தேகம். முன்னால் கற்களுக்கு நடுவே, திமிங்கிலம் முதுகைக் காட்டியது மாதிரி வளைந்த பாறை ஏதாவது இருக்கிறதா? வரிவரியாக?

டைன்கரை

இருக்கிறது!! நான் அதைக் கவிழ்த்துப் போட்ட படகு என்று நினைத்தேன். மேலே வளைவு வளைவாக நாலைந்து கோடு.

சுண்ணாம்புக்கல்

அது கிரேமேர் பாறை. மடிந்துபோன சுண்ணாம்புக்கல் அடுக்கு. என் பெயருக்கே காரணம் அதுதான். கோட்டைக்கு வடக்கே கரையில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து கோட்டையைக் கற்பனையாக வரைபவருக்கு அந்தப் பாறை தோன்றியிருக்காது. உங்கள் ஆள், அல்லது அவர் பிரதியெடுத்த மூலப்படத்தின் ஆள், அந்த இடத்தில் நின்றிருக்கிறார்.

அந்தக் காலத்தில் நிற்கக் காரணமும் இருந்தது. 1793இல் பிரான்சோடு போர் வந்த பிறகு இங்கிலீஷ்காரர்களுக்கு இத்தாலிப் பயணம் கடினமாகிவிட்டது. உள்ளூரிலேயே இடிபாடுகளைத் தேடிப் போனார்கள். ஓவியர் கர்ட்டின் 1796இல் வடக்கே வந்து இதே கோட்டையை வரைந்தார். டர்னருக்கு அதே வயது, ஒன்றாகத் தொழில் பழகியவர். 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு ஊர்ப் பாசம்: 1792இல் நம் பக்கம் ராயக்கோட்டையையும் பாபநாசம் அருவியையும் வரைந்த இங்கிலீஷ் ஓவியர்கள் டேனியல்களில் இளையவர், வில்லியம், பிற்பாடு 1814 முதல் 1825 வரை பிரிட்டன் கடற்கரையைச் சுற்றி 308 அக்வாடின்ட் போட்டார். இங்கிருந்து சில மைல் வடக்கே உள்ள பாம்பரோ கோட்டை அதில் இருக்கிறது. மலைக்கோட்டையும் கடற்கோட்டையும் ஒரே கையால்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோபுரத்தில் வெளிச்சம் விழுவது எந்தப் பக்கம்?

டைன்கரை

வலது பக்கம். இடது பக்கம் நிழல்.

சுண்ணாம்புக்கல்

அப்படியென்றால் விடியல் இல்லை. தெற்கு நோக்கி நின்றால் இடது கிழக்கு, வலது மேற்கு. வெளிச்சம் மேற்கிலிருந்து வருகிறது. மதியம் தாண்டிய நேரம். ஆனால் ரோஜா நிறம் கடல் பக்கத்தில், கிழக்கு வானத்தில் இருக்கிறது. எனக்கு இது இடிக்கிறது.

கனவுலகவாசி

அந்தி நேரத்தில் கிழக்கு வானமும் ரோஜாவாக இருக்குமே? மெரினாவில் தினம் பார்க்கிறோம். சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்கும், கடலுக்கு மேலே இளஞ்சிவப்பு ஏறும்.

ஏலக்காய்

கனவுலகவாசி சொன்ன முதல் உருப்படியான பாயிண்ட். தவிர, ஓவியர் என்ன சர்வேயரா? வெளிச்சத்தை இஷ்டத்துக்குப் போடுவார். ரோஜா வானம் விற்கும். இன்றும் விற்கிறது, டைன்கரை வீட்டு சோபாவைக் கேளுங்கள்.

காகிதப்பூச்சி

இப்போது நான் புல்லைக் கேட்ட காரணத்தைச் சொல்கிறேன். அந்த வானம் ரோஜாவாக வரையப்படவே இல்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து வாட்டர்கலர்காரர் மேகத்துக்குச் சாம்பல் நிறம் எப்படிச் செய்வார்? கறுப்பைக் கரைத்தால் அழுக்காக இருக்கும். அதனால் இண்டிகோவோடு, அதாவது நம் அவுரி நீலத்தோடு, இந்தியச் சிவப்பு அல்லது லைட் ரெட் என்ற காவியைக் கலப்பார். நீலமும் செங்காவியும் சேர்ந்தால் மழைமேகத்தின் அழகான சாம்பல். சிக்கல் என்னவென்றால், காவி என்பது மண், இரும்புத் துரு. இருநூறு வருஷம் வெயிலில் கிடந்தாலும் அசையாது. அவுரி செடிச் சாயம். காகிதத்தில் மெல்லிசாகப் பூசி ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் வருஷத்துக்கு வருஷம் வெளுக்கும். கடைசியில் நீலம் போய்விடும், காவி மட்டும் நிற்கும். சாம்பல் மேகம் ரோஜா மேகமாகும்.

புல்லும் அதே கதைதான். அவுரியோடு ஒரு பழுப்பையோ மஞ்சளையோ கலந்து பச்சை செய்திருப்பார். நீலம் போனால் வைக்கோல் மிஞ்சும். அந்த மழைக்கார ஊரில் கடலோர மேடு வைக்கோல் நிறத்தில் இருக்குமா? சுண்ணாம்புக்கல்தான் சொல்ல வேண்டும்.

கடல் என்ன நிறம் என்றும் பாருங்கள். ரோஜா வானத்துக்குக் கீழே கடலிலும் கொஞ்சம் ரோஜா ஏற வேண்டும்.

சுண்ணாம்புக்கல்

நான் போன நாலு தடவையும் பச்சைப் பசேல். ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஷூவெல்லாம் சேறு.

டைன்கரை

கடலில் ரோஜா துளிகூட இல்லை. மங்கிய பழுப்புச் சாம்பல். சார், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏலக்காய்

சார் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒரு எதிர்வாதம். இருநூறு வருஷத்துக் காகிதம் தானே பழுத்து மஞ்சளாகும். அந்த மஞ்சள்தான் எல்லாவற்றையும் சூடான நிறமாகக் காட்டுகிறது என்றும் சொல்லலாமே? எல்லாப் பழியையும் அவுரி தலையில் போடுவானேன்?

காகிதப்பூச்சி

காகிதம் மஞ்சளானால் படம் முழுக்க ஒரே அளவு மஞ்சளாகும். மேகம் இருந்த இடத்தில் மட்டும் ரோஜா வராது.

இந்தச் சண்டை புதிதில்லை. 1886இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் இதே வாக்குவாதம் நடந்தது. பொது அருங்காட்சியகங்களில் வெளிச்சத்தில் மாட்டி வாட்டர்கலர்களை வெளுக்க விடுகிறார்கள் என்று கலை நிபுணர் ராபின்சன் எழுத, கலை விமர்சகர் ரஸ்கின் உட்படப் பலர் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் அரசாங்கமே ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவரை வைத்துச் சோதிக்கச் சொன்னது. வண்ணம் பூசிய காகிதத் துண்டுகளை வெயிலில் வைத்துப் பார்த்து 1888இல் அறிக்கை கொடுத்தார்கள். வெளுக்கிற வண்ணங்களின் வரிசையில் இண்டிகோ இருந்தது. இன்று காட்சிக்கூடங்களில் காகித ஓவியத்துக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் வைப்பதில்லை, அதுவும் சில மாதங்களுக்குத்தான். அங்கே போனால் இருட்டாக இருக்கிறதே என்று நாம் முணுமுணுப்பது இதனால்தான்.

நான் சொல்வது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மவுண்ட் அட்டையின் ஜன்னல் படத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக வெட்டப்பட்டிருக்கும். அட்டை மூடியிருக்கும் அந்த ஓரத்தில் வெளிச்சம் பட்டதே இல்லை.

டைன்கரை

அதாவது சட்டத்தைப் பிரிக்க வேண்டும்.

பனங்கிழங்கு

தம்பி, அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். என்ர கதையைக் கேட்டுவிட்டுப் பிரியுங்கோ.

என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். எழுபதுகளில் யாழ்ப்பாணக் கோட்டையை வாட்டர்கலரில் வரைந்து வைத்திருந்தார். அகழித் தண்ணீரில் மதில் தெரியும், அவ்வளவு வடிவு. இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த மூன்று சாமானில் அது ஒன்று. கொழும்பில் ஒரு சட்டம் போடும் கடையில் கொடுத்தேன், கண்ணாடி உடைந்திருந்தது, அதை மாற்றத்தான். அந்தப் பெடியன் தூசி என்று நினைத்து ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டான். அகழி போய்விட்டது. பிறகு படம் நெளியாமல் இருக்க ஹார்ட்போர்டில் பசை போட்டு ஒட்டியும் கொடுத்தான். நல்ல மனசோடதான் செய்தான், அதனால் ஏசவும் முடியவில்லை. இப்ப டொரண்டோவில் என் அலுமாரிக்குள் இருக்கிறது. ஹார்ட்போர்டில் இருந்து கழற்ற ஏலாது என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

டைன்கரை

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்தப் படத்தின் பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா?

பனங்கிழங்கு

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படத்தில் அவருக்குப் பின்னால் சுவரில் தெரியும். கறுப்பு வெள்ளை.

காகிதப்பூச்சி

அம்மா, ஹார்ட்போர்டின் பின்பக்கத்தை மெல்ல மெல்லச் சீவி எடுப்பார்கள். படத்தைக் கழற்றுவதில்லை, பலகையைக் கழற்றுவது. நாள் பிடிக்கும், செலவும் அதிகம். ஆனால் முடியாது என்று இல்லை. போன அகழி திரும்ப வராது, அது உண்மை. ஆனால் பலகையின் அமிலம் மிச்சப் படத்தைத் தின்னாமல் தடுக்கலாம். காகிதப் பழுது மட்டுமே பார்ப்பவரிடம் கேளுங்கள். சட்டம் போடுபவர் வேறு, இவர் வேறு.

டைன்கரை, உங்களுக்கும் அதே பேச்சுதான். பிரிட்டனில் ஐகான் என்ற அமைப்பு பழுதுபார்ப்பவர்களின் பதிவேடு வைத்திருக்கிறது, அதில் தேடலாம். நீங்களே பிரிப்பதென்றால், மேசையில் சுத்தமான துண்டை விரித்துக் கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பின்பக்கத்துக் காகித நாடாவை ஓரமாக வெட்டுங்கள். ஆணியைக் குறட்டால் நேராக இழுங்கள், தட்ட வேண்டாம். பலகையைத் தூக்கிப் பாருங்கள். படம் மவுண்டோடு பசையில் ஒட்டியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். வண்ணத்தின் மேல் விரல் படக் கூடாது. பக்கத்தில் டீ டம்ளர் இருக்கக் கூடாது.

கனவுலகவாசி

டீ டம்ளர் பற்றிச் சொன்னது ஏதோ அனுபவம் மாதிரி இருக்கிறதே சார்.

காகிதப்பூச்சி

1987. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

டைன்கரை

பிரித்துவிட்டேன். இரவு பதினொன்றரை மணி, குழந்தைகள் தூங்கிய பிறகு. கை நடுக்கம் இன்னும் போகவில்லை.

பின்பலகை பைன் மரம். அதில் ஒரு கணு இருந்த இடத்துக்கு நேராகப் படத்தின் முதுகில் பழுப்பு வட்டம், மர வரியோடு அப்படியே அச்சு விழுந்த மாதிரி. படம் மவுண்டில் மேலே இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. அட்டையைக் கதவு மாதிரித் திறக்க முடிந்தது.

சார் சொன்னது சரி. மூன்று பக்கமும் சுமார் ஒரு செ.மீ. அகலத்துக்கு ஒரு கரை. அதில் வானம் ரோஜா இல்லை. ஸ்லேட் பலகை நிறம். நீலமும் சாம்பலும் கலந்து, ஈரமாக இருப்பது மாதிரி. ஜன்னல் விளிம்பு வந்த இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிறம் மாறுகிறது. இந்தப் பக்கம் ரோஜா, அந்தப் பக்கம் மழை. இடது ஓரத்தில் கடலுக்கு மேலே சாய்வாக மெல்லிய கோடுகள், தூரத்தில் மழை பெய்வது மாதிரி. அது உள்ளே வரவர மறைந்துபோகிறது. வலது ஓரத்தில் புல் பச்சை.

எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு மனைவியை எழுப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "நாம ரோஜாப்பூ படம்தானே வாங்கினோம்" என்றாள்.

காகிதத்தை ஜன்னலில் பிடிக்காமல், கீழே போன் வெளிச்சம் காட்டிப் பார்த்தேன். நீரெழுத்து, அதாவது காகித ஆலைக்காரர் காகிதத்துக்குள்ளேயே வைக்கும் முத்திரை, இருக்கிறது. "வாட்மன்" என்பதன் கடைசிப் பாதி, கீழே "டர்க்கி மில்", அதற்குக் கீழே "18". அதோடு காகிதம் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஏலக்காய்

அடப்பாவமே, வருஷத்தில் பாதிதான் கொடுத்தானா! தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன்.

வாட்மன் காகிதம் அந்தக் காலத்து நல்ல வாட்டர்கலர்காரர்கள் தேடி வாங்கியது. கென்டில் மெய்ட்ஸ்டன் பக்கம் இருந்த டர்க்கி மில் ஆலை 1794இல் ஹாலிங்வொர்த் குடும்பத்துக்குக் கைமாறியது. வாட்மன் பெயரோடு ஆலைப் பெயரையும் சேர்த்துப் போட்டவர்கள் அவர்கள். அதனால் 19ஆம் நூற்றாண்டு என்பது சரி. கத்திச் சுரண்டல், வெள்ளைப் பொட்டு இல்லாதது, அவுரிச் சாம்பல் எல்லாம் சேர்த்தால் நூற்றாண்டின் முன்பாதி என்று என் சொந்தப் பொறுப்பில் சொல்வேன். ஏலக்காரர் சொல்ல மாட்டார். இன்னொன்று, நீரெழுத்து காகிதத்தின் வயசைத்தான் சொல்லும். வாங்கி அலமாரியில் வைத்துப் பல வருஷம் கழித்து வரைந்தவர்களும் உண்டு.

விலை கேட்பீர்கள். வெளுத்துப்போனது, பெயரில்லை, புள்ளி விழுந்தது. கொடுத்த 80 திரும்ப வந்தால் சந்தோஷப்படுங்கள்.

கனவுலகவாசி

போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு அந்த ஓர நிறத்தை எடுத்து வானம் முழுக்கப் பூசிப் பார்த்தேன். இணைத்திருக்கிறேன். வேறு படம் மாதிரி இருக்கிறது! அந்த இரண்டு பேர் படகைக் கடலுக்குள் தள்ளுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் மழைக்கு முன்னால் கரைக்கு இழுக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கல்

அட, ஆமாம். உடம்பு சாய்ந்திருப்பது கரைப் பக்கம்.

டைன்கரை

சார், இப்போது புது மவுண்ட் வெட்ட வேண்டும். அந்த ஒரு செ.மீ. கரை வெளியே தெரியும்படி பெரிய ஜன்னலாக வெட்டலாமா? வீட்டுக்கு வருபவர்களுக்குக் காட்ட ஆசையாக இருக்கிறது.

காகிதப்பூச்சி

வேண்டாம். காட்டினால் அதுவும் போகும். அமிலமில்லாத அட்டையில் பழைய அளவுக்கே ஜன்னல் வெட்டச் சொல்லுங்கள். ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை போட்டோ எடுத்துச் சட்டத்தின் பின்னால் கவரில் போட்டு வையுங்கள். பைன் பலகையைத் தூக்கிப் போடுங்கள், ஆனால் பென்சில் எழுத்து இருக்கும் துண்டை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பனங்கிழங்கு

நானென்றால் காட்டுவேன். மூடி வைத்து ஆருக்கு? என் அப்பாவின் அகழி ஒரு செ.மீ. மிஞ்சியிருந்தால் நான் தினமும் பார்ப்பேன்.

காகிதப்பூச்சி

அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா.

டைன்கரை

இரண்டு வாரம் கழித்து ஒரு அப்டேட். மவுண்ட் பழைய அளவுக்கே வெட்டியாகிவிட்டது, ஆனால் கீல் வைத்த மாதிரித் திறக்கும்படி. வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கலாம் என்று சாரிடம் தனிமடலில் அனுமதி வாங்கிவிட்டேன். படம் மாடிப்படிக்குக் கீழே, வெயில் எட்டாத சுவரில். சோபாவுக்கு மேலே மனைவி ஒரு கண்ணாடி மாட்டிவிட்டாள்.

போன ஞாயிறு நாலு பேரும் எம்பிள்டன் போனோம். கிரேமேர் பாறையைக் கண்டுபிடித்து, அதற்கு இந்தப் பக்கம் கற்களின்மேல் நின்று போனில் படத்தை வைத்துக்கொண்டு முன்னே பின்னே நகர்ந்து பார்த்தேன். கோபுரத்தின் இரண்டு பல்லும் சரியாக முகட்டுக்கு மேலே வரும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் உட்காரத் தட்டையான கல்லும் அங்கே இருக்கிறது. மணி மூன்றேகால். வெயில் வலது பக்கம் விழுந்தது. கடல் பக்கம் ஸ்லேட் நிறத்தில் ஒரு மேகம் ஏறிக்கொண்டிருந்தது, அதன் அடியில் சாய்வாகக் கோடு கோடாக. சின்னவன்தான் முதலில் பார்த்தான். "அப்பா, ஓரத்துல இருக்குற மழை!"

ஒரு போட்டோ எடுப்பதற்குள் வந்துவிட்டது. கார் வரை ஓடி, நாலு பேரும் தொப்பல். அதனால் இணைப்பில் ஒரே ஒரு படம், அதுவும் லென்ஸில் துளி விழுந்தது.

பனங்கிழங்கு

வடிவாயிருக்கு தம்பி. அப்ப அந்தக் கேட்டலாக்கில விடியல் எண்டு எழுதினது ஆர்?

ஏலக்காய்

விற்கிறவர்தான் அக்கா. வேறு யார்?